எல்லாப் பிள்ளைகளும் பாஸ்

எழுபதுகளின் நடுவில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அங்கே அதுதான் பெயர். தகரக் கூரை, விட்டத்தில் தொங்கும் பதினொரு சேலைத் தொட்டில்கள், இருபது பிள்ளைகள், நான் ஒருத்தி. காலை ஏழு மணிக்கு ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் சாயங்காலம் வரை யாராவது முறை வைத்து அழுதுகொண்டிருப்பார்கள்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேலேயிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் முந்தின வாரமே எங்களுக்குச் சேதி வந்துவிடும். உடனே சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். ஆடுகளை நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓட்டிவிடுவோம். இருமுகிறவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிடுவோம். வருகிறவர் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். நான் பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்த்தேன். பார்வையிட வருவது என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே, ஒரு நர்ஸ் வந்து பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதிக்கப்போகிறார் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "என்னென்ன கேப்பாக?" என்றுதான். அவரும் நல்ல மனுஷர். ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்து கொடுத்தார். நடக்கிற பிள்ளை என்றால் மூன்று மரக்கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மூக்கு எங்கே என்றால் தொட்டுக் காட்ட வேண்டும். கைப்பிள்ளையானாலும் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவுதானே! கம்பவுண்டரிடம் கெஞ்சிக் கட்டைகளும் ஒரு கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு பத்து நாள் வகுப்பு நடத்தினேன். மூக்கைத் தொட்டவனுக்கு ஒரு துண்டு வெல்லம். மூன்றாம் நாளே கொட்டகைக்குள் நுழைகிற யாரைக் கண்டாலும் நடக்கிற பிள்ளைகளெல்லாம் மூக்கைத் தொட்டுக் காட்டின. பால் கொண்டுவந்தவர் பயந்தே போனார்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் கிலுகிலுப்பைக்குத் திரும்பவில்லை. இரண்டரை வயது. கட்டை அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாலும் அவள் பாட்டுக்குக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தக்காரி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. உள்ளுக்குள் வேறொன்றும் தோன்றியது. அதை அப்படியே அமுக்கிவிட்டேன். ஒரு பிள்ளை தேறாவிட்டால் என் வேலை போகும். அவளைக் கொட்டகையில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் அவள் அம்மா எப்படி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவாள்? ஆகவே அவளுக்கு மட்டும் வேறு பாடம் நடத்தினேன். நான் எதிரில் உட்கார்ந்து தலையை லேசாகச் சாய்ப்பேன். அவள் உடனே திரும்ப வேண்டும். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். என்ன புத்தி!

நர்ஸ் மலையாளத்துப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவார். பிள்ளை அழாமல் இருக்க நான் எதிரில் உட்காரட்டுமா என்று கேட்டேன். "இருங்க ஆயா" என்றார். கிலுகிலுப்பை ஆடியது. நான் தலையைச் சாய்த்தேன். அவள் திரும்பினாள். இருபது பிள்ளைகளும் பாஸ். இந்த மலையில் இப்படி ஒரு கொட்டகையைப் பார்த்ததில்லை என்று நர்ஸ் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா தனியாக என்னிடம் வந்தாள். "அக்கா, இவளுக்குக் காது சரியாக் கேக்குதான்னு எனக்கு ஒரு சந்தேகம். போடிமெட்டு வழியா இறங்கி, போடியில ஒரு டாக்டர்ட்ட காட்டலாம்னு லீவு கேட்டிருக்கேன்" என்றாள்.

"நர்ஸம்மாவே கேக்குன்னு எழுதிட்டாக. நீ எதுக்குட்டி வீணா அலையுத?" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லீவு வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதம் போனது. ஒருநாள் அந்தப் பிள்ளைக்குப் பாவாடை மாற்றிவிடும்போது கெண்டைக்காலில் பிரம்புத் தடம் பார்த்தேன். புதிது இரண்டு, பழையது நாலைந்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாக்காரி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீ மனுஷிதானா? பச்சப் புள்ளையை இப்படியா அடிப்ப?"

"பெறகு என்னக்கா செய்ய? எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கா. காது கேக்காட்டாப் பரவால்ல. கேட்டுக்கிட்டே திமிரு பண்ணுதா. அதான் ரெண்டு போட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தலையைச் சாய்த்த கதையை அங்கேயே நின்றபடி சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை நர்ஸ் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நானும் அவளும் பிள்ளையுமாகப் போனோம். நர்ஸிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "ஏன் ஆயா இப்படிப் பண்ணினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரும் பாஸாகணும்னுதான் சிஸ்டர்."

"இது பரீட்சை இல்ல. பாஸாகாத ஒரு குட்டி இருக்கான்னு தேடித்தானே நான் இந்த மலை ஏறி வந்தேன்?" என்றார். பிறகு என்னைக் கதவுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார்.

நின்றேன். உள்ளே கிலுகிலுப்பை ஆடியது. ஒரு தடவை, பிறகு இன்னும் பலமாக, பிறகு ஏதோ தகரத்தைத் தட்டும் சத்தம். வெளியே எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அம்மாக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்ததும் சிரித்தது.

"அக்கா" என்றாள் அவள். அழவில்லை. "இத்தன நாளும் இவ எதுக்கு அடி வாங்குதோம்னே தெரியாம வாங்கியிருக்கா."