மஹீன் சேர்த்த நாலு வரி

சேலம் நாலு ரோடு பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிற டைப்பிங் சென்டரில் மஹீன் பதினேழு வருசமாக வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ், கல்லூரிக்காரர்களின் ஆய்வேடு என்று எது வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். தமிழில் பிழையில்லாமல் அடிக்க அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆளில்லை. அடித்தது எதுவும் மனசில் தங்காது. ஆயிரம் பக்கம் அடித்திருப்பாள், ஒரு பக்கத்தைக்கூட வீட்டுக்குச் சுமந்து போனதில்லை.

அவளுக்கு நாற்பத்து நாலு வயசு. ஆத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருசத்தில் அது முறிந்து, கோட்டைப் பக்கம் இருக்கும் அண்ணன் கரீம் பாஷா வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள். அண்ணனுக்குப் பாத்திரக்கடை. அண்ணி தஹ்சீன், மூணு பிள்ளைகள். இத்தனை வருசத்தில் யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. மோட்டார் போட்டாச்சா, சிலிண்டர் வந்துச்சா என்று கேட்பார்கள், அவளும் சொல்வாள். அதற்குமேல் பேச்சு இருக்காது. போன வருசம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கிப்போய் வந்தாள். மூணு நாள் எல்லோரோடும் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நாலாம் நாள் அண்ணி, "ஏன் சோறு தொடமாட்டேங்கிற?" என்றாள். மஹீன் வாயைத் திறப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது. அண்ணி எழுந்து போய்விட்டாள்.

தை மாசத்தில் ராசிபுரத்திலிருந்து பெரியநாயகி என்ற கல்லூரி ஆசிரியை கையெழுத்துப் பிரதியோடு வந்தார். ஐம்பத்தொரு வயசில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நெடுங்கவிதையின் நாயகியையும் ஒரு நாடகத்தின் நாயகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருடைய துயரம் பெரிது என்று பார்ப்பதுதான் ஆய்வு. கவிதையில் வருகிறவள், அணை கட்டி ஊரே முழுகிப்போன பிறகும், மேட்டிலிருந்த வீட்டில் ஒற்றையாக இருக்கிறாள். நாடகத்தில் வருகிறவன் ரிட்டயரான தபால்காரன், மகன் வீட்டில் இருக்கிறான். மூணு அங்கமும் அவனைத் தாண்டித் தாண்டி ஆறு பேர் பேசுகிறார்கள். அவனுக்கு மொத்தமே பதினோரு வசனம்.

இந்த முறை மஹீனுக்கு என்னவோ ஆகிவிட்டது. தபால்காரன் வருகிற பக்கங்களை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் அடித்தாள். பஸ்ஸில் போகும்போதும் அவன் நினைப்பாகவே இருந்தது.

ஐந்தாம் அத்தியாயம் முடிவுரை. அதில் பெரியநாயகி எழுதியிருந்தார்: "சுற்றிலும் உறவு உடையவனின் துயரம் பாதித் துயரமே. தனித்து விடப்பட்டவளின் துயரமே முழுத் துயரம்."

மஹீனின் விரல் நின்றது. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ சொல்லச் சொல்ல அடிப்பதுபோல அடித்தாள்: "ஆனால் அந்தப் பெண் வாய்விட்டு அழலாம், கேட்க ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். இவனைச் சுற்றி ஆறு பேர் இருக்கிறார்கள். இவன் அழுதால் அந்த ஆறு பேருமே கேட்காமல் இருப்பார்கள். ஆளில்லாததால்தான் யாரும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட இவனுக்கு இல்லை."

அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அழிக்கவில்லை.

சனிக்கிழமை பெரியநாயகி பிழை திருத்த வந்தார். கடையிலேயே உட்கார்ந்து, பென்சிலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்த நாலு வரி நான் எழுதலீங்களே?"

மஹீன் எழுந்து நின்றாள். "நான்தான் மேடம் அடிச்சேன். தப்புதான்."

கடை முதலாளி சரவணமுத்து பாய்ந்து வந்தார். "என்ன மஹீன் இது? குடுத்ததை அடிக்கத்தானே நம்ம வேலை? மேடம், இப்பவே எடுத்துடறோம், கோவிச்சுக்காதீங்க."

பெரியநாயகி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நாடகத்த நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம். நீங்க எழுதியிருந்ததுதான். அதுவே போதுமா இருந்துச்சு."

பெரியநாயகி அந்த நாலு வரியையும் ஒரே கோடாக அடித்தார். பென்சில் முனை உடைந்தது. "ஆறு பேரு இருக்கற ஊட்டுல இருந்துக்கிட்டு இப்படிச் சொல்லிடலாமுங்க. தனியா இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காகிதங்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு கோபம் எதற்கு என்று மஹீனுக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஆய்வேடு அச்சாகிப் போயிற்று. ஆறேழு மாசம் கழித்து ஒருநாள் மத்தியானம் பெரியநாயகி மஹீனின் போனுக்குக் கூப்பிட்டார்.

"வைவா முடிஞ்சுதுங்க மஹீன். வந்த பேராசிரியர் அதையேதான் கேட்டாரு. கூட்டத்துக்கு நடுவுல இருக்கறவன் துயரத்த ஏன் கொறச்சு எடைபோட்டீங்கன்னு. நான் உங்க நாலு வரியச் சொன்னேன். ரொம்ப நல்லாருக்குன்னாரு. டைப் பண்ணுனவங்க சொன்னதுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, ஒருத்தரும் நம்பல." பிறகு, "ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாங்களேன்."

மஹீன் ராசிபுரம் பஸ் ஏறிப் போனாள். சின்ன ஓட்டு வீடு, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கூடத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் முழங்கால் உயரத்துக்குச் செய்தித்தாள் கிடந்தது. பெரியநாயகி அதையெல்லாம் அள்ளித் தரையில் வைத்து, தூசி தட்டி, "உக்காருங்க" என்றார். உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் பாக்குறாங்களா மேடம்?"

"இல்லீங்க. ஒரு சத்தத்துக்கு."

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா போய் ஆறு வருசம் ஆகிறது. இதைச் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. கல்லூரிச் சண்டை, கிணற்றில் விழுந்த பூனை, பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனது என்று முக்கால் மணிநேரம் பேசினார். வாய் பேசப் பேச, கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. மேட்டு வீட்டுப் பெண்ணைப் பற்றி அந்த முடிவை அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது மஹீனுக்கு அப்போதுதான் உறைத்தது. பென்சில் முனை உடைந்த காரணமும் தெரிந்தது.

"இப்பவும் அவளோடதுதான் பெருசுன்னு சொல்லுவேன்" என்றார் பெரியநாயகி, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் அவனோடதுன்னுதான் மேடம் சொல்லுவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே டிவியில் யாரோ சோப்புக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது பெரியநாயகி பஸ் நிறுத்தம் வரை வந்தார். "அடிக்கடி வாங்க" என்றார். வருகிறேன் என்றாள் மஹீன். எப்போது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மஹீன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே, "நான் இன்னைக்கு ராசிபுரம் போயிருந்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"அப்படியா" என்றார் அண்ணன்.

அண்ணனின் மூத்த மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ராசிபுரத்துல என்ன இருக்கு?"

"ஒரு டீச்சர் இருக்காங்க."

"ம்" என்றாள் பெண். அவள் தலை மறுபடி போனுக்குக் குனிந்துகொண்டது. மஹீன் அடுத்த கேள்விக்காக டம்ளரை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்தபடியே கொஞ்சநேரம் இருந்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.