லைல் பெக்ஸ்ட்ரமின் சிவப்புத் தொப்பி

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் காது மெஷின் விற்பவர் லைல் பெக்ஸ்ட்ரம். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். துப்பாக்கி கிளப்பில் பாதுகாப்பு அதிகாரியும் அவர்தான். சம்பளம் கிடையாது, ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. மனிதர் அதைத் தேவாலயத்தில் மட்டும் கழற்றுவார், அதுவும் அரைமனதோடு.

அந்தத் தொப்பி முன்பு வெர்னா ஸ்டட்ஸ்மனுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் அவளுடைய கைத்துப்பாக்கி, சுடாமல் தடுக்கும் சேஃப்டி பூட்டை விடுவித்த மாத்திரத்தில் தானாக வெடித்தது. விசையைத் தொடவே இல்லை என்றாள். பாதுகாப்பு அதிகாரியின் துப்பாக்கியே வேண்டாத நேரத்தில் வெடித்தால் அவர் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது கிளப் வழக்கம்.

"துப்பாக்கி தானா ஒண்ணும் செய்யாது, வெர்னா. எல்லாம் விரல் செய்யிற வேலை" என்று சொல்லி லைல் தொப்பியை வாங்கிக்கொண்டார். சொன்னதை நிரூபிக்க அதே மாடலில் தானும் ஒன்று வாங்கினார். இவ்வளவு நேர்மையான முட்டாள்தனம் எங்கள் பக்கத்தில்தான் விளையும்.

வசந்தத்தில் ஒருநாள் கிளப்பில் லைல் தன் துப்பாக்கியின் சேஃப்டியை விடுவித்தார். குண்டு அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளப்பியது. எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள், பிறகு தொப்பியைப் பார்த்தார்கள். வெர்னா தன் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"சேஃப்டி கோளாறு! நான் விசையைத் தொடவே இல்லை!"

"இதே வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார் கிளப் தலைவர் ஹார்லன். "சரி, துப்பாக்கி செஞ்ச கம்பெனி வாயால பழுதுன்னு சொல்லட்டும். தொப்பி உனக்கே. இலையுதிர்காலக் கூட்டம் வரைக்கும் டைம்."

லைல் கம்பெனிக்குப் போன் போட்டார். நெடுநேரம் இசை கேட்டபின் ஒரு பெண் வந்தாள்.

"சேஃப்டியை எடுத்தீங்க, சுட்டுது. அப்போ சுடுறதுக்குத் தயாரா இருந்திருக்குன்னுதானே சார் அர்த்தம்?"

துப்பாக்கியை அனுப்பினார். எண்ணெய் போட்டுத் துடைத்து, குறை ஏதுமில்லை என்று திரும்பி வந்தது. கூடவே கம்பெனி பெயர் போட்ட கறுப்புத் தொப்பி ஒன்று, இலவசம். கத்திவிட்டு மறுபடி அனுப்பினார். இந்த முறை 'சீர்செய்யப்பட்டது' என்ற சீட்டோடு வந்தது.

"என்ன ரிப்பேர் பண்ணீங்க?"

"அதை வெளிய சொல்ற வழக்கம் இல்லை சார்."

"அப்போ பழுது இருந்துச்சா?"

"இல்லை சார். பழுது இல்லைங்கறதை உறுதிப்படுத்துற ரிப்பேர்."

லைலுக்கு அந்தச் சீட்டு போதுமானதாக இருந்தது. கம்பெனியின் பொய்யில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் நம்புகிற திறமை அவருக்குண்டு.

கூட்டத்தில் சீட்டை உயர்த்திக் காட்டினார். "பழுது இருந்துச்சு, கம்பெனி சரி பண்ணிட்டான். வெர்னா விஷயம் வேற. அது விரல்தான்."

"அப்படியா?" வெர்னா எழுந்து வந்தாள். "சரி பண்ணினதை நாங்களும் கொஞ்சம் பாக்கலாமா, லைல்?"

லைலின் துப்பாக்கியை வாங்கி, குண்டில்லை என்று ஹார்லனிடம் திறந்து காட்டினாள். மூடி, சேஃப்டியைப் போட்டுக் குழலை மேலே நிமிர்த்தினாள். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, ரப்பர் முனை கீழே போகும்படி குழலுக்குள் நழுவவிட்டாள். விசையிலிருந்து விரலை வெகுதூரம் விலக்கி எல்லோருக்கும் காட்டியபடியே, கட்டைவிரலால் சேஃப்டியை விடுவித்தாள்.

பென்சில் துள்ளிப் போய்க் கூரை விசிறியில் மோதியது. விசையைத் தொடாமலே, குண்டை வெடிக்க வைக்கும் ஊசி உள்ளே அடித்திருக்கிறது.

பிறகு தன் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து அதையே செய்தாள். பென்சில் மறுபடியும் விசிறிக்குப் போனது.

"பென்சில்ல ஏதோ இருக்கு" என்றார் லைல்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஹார்லனின் பல்செட்டே கழன்றுவிடும் போலிருந்தது. ஓட்டெடுப்பு என்று ஒன்று நடந்தது, கை தூக்காதவர் ஒருவர்தான். வெர்னா சிவப்புத் தொப்பியை வாங்கி, பின்பட்டையைத் தன் தலைக்கு இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டையும் மேஜையில வச்சிடுவோம். இனிமே இந்த மாடல் கிளப்புக்குள்ள வேண்டாம்" என்றாள். "லைல், நீயும் கொஞ்சம் தள்ளி நில்லு."

அடுத்த சனிக்கிழமை லைல் வழக்கம்போல வந்தார். தலையில் கம்பெனி கொடுத்த கறுப்புத் தொப்பி இருந்தது. துப்பாக்கி தானாக எதுவும் செய்யாது என்று புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.