பாலத்துச் சுவரில் பேச்சி

பெயிண்டும் தின்னரும் கலந்த வாடை, முத்து அத்தைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். பேட்டையில் ஒரு பட்டறையில் லாரிகளில் பூ வரைந்து பெயர் எழுதிக்கொண்டிருந்த என் அப்பாவின் தங்கையான அவளிடம்தான், ஊர்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஊர்க்கதைகளை வரையும் வேலையை, நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், ஊர்க்கூட்டம் ஒப்படைத்தது.

பேச்சியின் கதையில்தான் சிக்கல் வந்தது. தாமிரபரணி கரைபுரண்ட காலமொன்றில், பிள்ளைகளை அண்டாவில் உட்காரவைத்து, நீந்தித் தள்ளியே அக்கரை சேர்த்து, கடைசியில் தானும் வெள்ளத்தோடு போய், ஊருக்குத் தெய்வமானவள் அவள். அத்தை எங்கள் வீட்டு அண்டாவைப் பாலத்துக்கே தூக்கிவந்து, "அசையாம இருடி" என்று என்னை அதற்குள் உட்காரவைத்து வரைந்தாள். முடி அவிழ்ந்து, பல்லைக் கடித்து, அண்டாவைத் தள்ளும் கறுத்த பெண். அண்டாவுக்குள் என் முகம்.

மறுநாள் காலையில் அங்கே சுண்ணாம்பு மட்டும் இருந்தது. அடிக்கச் சொன்னவர் ஊர்த்தலைவர். "தெய்வத்தை இப்படியா வரைவாவ? பட்டுடுத்தி, நகை போட்டு, செவப்பா வரை."

"வெள்ளத்துல எறங்குனவ பட்டுடுத்தியா எறங்குனா, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, அத்தை அதே பேச்சியை மறுபடியும் வரையத் தொடங்கினாள். நானும் அண்டாவுக்குள் ஏறினேன்.

சாயங்காலம் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்தபோது, சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் பாலத்தில் நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பெயிண்ட் காயவில்லை என்பதால் சுவரில் சாயாமல், ஒரு சாண் தள்ளி, அவர்களோடு வந்த என் அம்மாதான் முதலில் மறித்து நின்றாள். "மொதல்ல எங்க மேல அடியும், பொறவு சுவத்துல அடிக்கலாம்." மற்றவர்களும் அவளோடு சேர்ந்து நின்றார்கள். தலைவர் வந்து பார்த்தார். "எல்லாரும் ஒண்ணா கெளம்பிட்டியளா" என்று முனகிவிட்டு, வாளிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேச்சிமேல் யாரும் கைவைக்கவில்லை.

அந்தச் சுவர் இன்று இல்லை. பெருவெள்ளம் ஒன்று பாலத்தோடு அதைக் கொண்டுபோய்விட்டது. புதுப் பாலத்துக்கு இரும்புக் குழாய்தான் கைப்பிடி, வரைய இடமில்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, தலை நரைத்த அத்தை பாலத்தடியில், முழங்கால் தண்ணீரில் நின்று, சிமெண்டுத் தூணொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கன யாரு அத்தை பாக்கப் போறா?"

"குளிக்க வாரவங்க பாக்கட்டும். அந்தப் பெயிண்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வெரசா எறங்கி வா."

இறங்கினேன்.