ஏட்டம்மா ஜெயசெல்வி

எங்கள் ராஜபாளையம் நாடகக் குழு நீண்ட விவாதத்துக்குப் பின், இனிக் கூட்டங்களில் உளுந்த வடைக்குப் பதிலாகச் சுண்டல் வழங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வடை தரப்பு கண்ணியமாகத் தோல்வியை ஏற்றுக்கொண்டது. செயலாளர் கையெழுத்திடும்போது சென்னையிலிருந்து போன் வந்தது. நம் ஜெயசெல்வி காலமாகிவிட்டார். மாரடைப்பு.

உங்களில் பலர் அவரைத் திரையில்தான் பார்த்திருப்பீர்கள். அவர் எங்களிடம் வந்தபோது பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்த்தார். அதுவரை எங்கள் கதாநாயகி, மீசையை எடுக்க மறுத்த ஒரு மில் ஃபிட்டர். செல்வி வந்ததும் ஃபிட்டரைப் பிணமாக நடிக்க வைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் அந்தப் பிணம் தும்மியது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த செல்வி நிமிர்ந்து, “உசிரு போயும் சளி போகலியே என் ராசாவுக்கு” என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து அழுதார். கூட்டமும் சேர்ந்து அழுதது. வசனம் எழுதியவன் என்ற பாராட்டு எனக்கு வந்தது. மறுக்கவில்லை.

கூட்டத்தில் இருந்த ஒரு சினிமா இயக்குநர் செல்வியை நடிக்கக் கூப்பிட்டார். மறுநாளே அவ்வூரில் படப்பிடிப்பு, பெண் கான்ஸ்டபிள் வேடம், வசனமும் உண்டு. செல்விக்குத் தை மாதத்தில் கல்யாணம் முடிக்க வீட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். இதை விட்டால் சினிமா இல்லை.

அவருடைய அப்பா வன்னியம்பட்டிக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். சம்மதம் கேட்கத் துணைக்கு நானும் போனேன்.

“என்ன வேசம்?”

“போலீசுப்பா.”

“எத்தன பட்டை?”

“பட்டை இல்ல. கான்ஸ்டபிள்.”

“ஏட்டி, நான் மூணு பட்டையோட ரிட்டையர் ஆனவன். எம் மக மொட்டைக் கையோட நிப்பாளா? டீக்கடை பூரா பட்டாளத்தான். பொறவு எவன் எனக்கு எந்திரிச்சி எடம் குடுப்பான்?”

“சினிமாதானப்பா.”

“சினிமான்னாலும் ரேங்க் ரேங்க்தான்.”

நடிப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. தரம் குறைவதில்தான்.

மறுநாள் செல்வி இயக்குநரிடம் சம்பளம் பற்றிப் பேசவில்லை. “மூணு பட்டை மட்டும் தச்சுக்கிடுதேன் சார்” என்றார். போலீசில் மூன்று பட்டை என்றால் ஏட்டு. உடைக்காரரிடம் பட்டை இல்லை. செல்வி பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து, மடித்து, தானே தைத்துக்கொண்டார்.

அதன் விளைவை இயக்குநர் எதிர்பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் போலீஸ் குடும்பம். அதே காட்சியில் பட்டையில்லாத கான்ஸ்டபிளாக நடித்த ஆண் நடிகர் செல்விக்கு முன்னால் நின்று பேசத் தொடங்கியதும் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார்.

“ஏட்டம்மா நிக்கையில அவன் என்னய்யா மொதல்ல பேசுதான்? ஸ்டேசனா, சந்தையா?”

கூட்டம் ஆமோதித்தது. பட்டையைப் பிரிக்கச் சொன்னார் இயக்குநர். “பிரிச்சா நான் வீட்டுக்குப் போவணும் சார்” என்றார் செல்வி. கூட்டமும் கலைவதாயில்லை. வெயில் இறங்குவதற்குள் கான்ஸ்டபிள் பின்னால் போனார். அவருடைய வசனங்கள் செல்விக்கு வந்தன.

படம் வந்ததும் ஹவில்தார் டீக்கடையை மொத்தமாகத் தியேட்டருக்கு அழைத்துப் போனார். வெளியே வந்து அவர் சொன்ன விமர்சனம்: “பட்டை கோணாம இருக்கு.” மாப்பிள்ளை தேடுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்து சப்-இன்ஸ்பெக்டர் வேடம் வந்தது. செல்வி ஹவில்தாரிடம் சொன்னார்.

“ரெண்டு நட்சத்திரமா?”

“ஆமாப்பா.”

“அப்போ நீ வீட்டுக்குள்ள வரும்போது நான் எந்திரிச்சி நிக்கணுமா?”

செல்வி அந்த வேடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். நான் கோபப்பட்டேன். “அவிய உக்காந்திருக்கட்டும் அண்ணே. நமக்குப் பேச வசனம் இருந்தாச் சரி” என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. யாரிடமும் எதையும் கேட்கப் போகும்போது ஒன்றை மட்டும் கேட்பது.

அதன்பின் பல படங்களில் நடித்தார். எல்லாவற்றிலும் ஏட்டுதான். அப்பா காலமான பிறகு வந்த படங்களிலும்.