படத்தின் மிச்சம்

போன ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் நூலக வாசலில் ஒரு மாணவி என் கையில் அட்டையொன்றைத் திணித்தாள். இப்போது நடக்கிற போருக்கு எதிரான ஊர்வலம் அது. அட்டையில் இடிந்த வீடொன்றின் முன்னால் ஒருத்தி நிற்கிறாள். அவளுடைய கை யாரையோ பிடித்திருக்கிறது, பிடிபட்ட ஆள் படத்தில் இல்லை. அட்டையைத் திருப்பி நீட்டினேன். “வேறு ஏதாவது தா” என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. எழுத்து மட்டும் இருந்த அட்டையொன்றைத் தந்தாள், அதைப் பிடித்துக்கொண்டு பாராளுமன்றப் படிகள் வரை நடந்தேன். எந்தப் படத்தைக் கண்டாலும் முகத்தை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் பார்க்கிற இந்தப் பழக்கம் எனக்கு ஓர் அன்ரியால் வந்தது.

எங்கள் போரின் கடைசி மாதங்களில் நாங்களும் இதே வாசலில்தான் கூடுவோம். நான் அப்போது டண்டினோங்கில் விளம்பரப் பலகைகள் அச்சிடும் இடமொன்றில் வேலை செய்தேன். ஆகவே படம் அச்சிடும் பொறுப்பு யாரும் கேட்காமலே என் தலையில் விழுந்தது. வன்னியிலிருந்து எப்படியோ வெளியே வந்து, பத்துக் கை மாறி, மின்னஞ்சலில் படங்கள் வந்து சேரும். சனிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு அவற்றைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, மழைக்குத் தாங்கும்படி தடித்த பிளாஸ்டிக் உறை போடுவேன். முதலாளி கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

வந்த படங்களில் பாதியை அப்படியே தூக்கிப் பிடிக்க முடியாது. ஊர்வலத்துக்குக் குழந்தைகள் வருவார்கள். இரத்தத்தைக் கண்டால் வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிராமுக்கு ஓடிவிடுவார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், நானும் பலமாகத் தலையாட்டினேன். ஆகவே வெட்டினேன். எந்த இடத்தில் வெட்டினால் பார்க்கிறவர் நின்று பார்ப்பார், எந்த இடத்தில் விட்டால் போய்விடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. வீடு விற்கிற விளம்பரங்களில் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை வெட்டி எறிந்து பழகிய கை இது. அந்தக் கையால்தான் ஆட்களையும் வெட்டினேன்.

அன்ரி கிரான்பர்னிலிருந்து ரயிலில் வருவார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. கொதிநீரும் சவர்க்காரமும் பட்டு விரல்நுனிகள் எப்போதும் வெளிறியிருக்கும். அவருடைய தங்கையும் தங்கையின் பதினாறு வயது மகனும் பத்து வயது மகளும் போருக்குள் அகப்பட்டிருந்தார்கள். மூன்று மாதமாகத் தொலைபேசி அழைப்பு இல்லை. அப்போது எங்களில் அநேகம் பேருக்கு அப்படி யாராவது உள்ளே இருந்தார்கள், அதனால் யாரும் யாரையும் நீட்டி விசாரிப்பதில்லை. “ஏதும் அறிஞ்சியளோ?” என்று கேட்பது. “இல்லை” என்பது. அவ்வளவுதான். கோஷச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும் என்று அன்ரி கைபேசியை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருப்பார். அதிர்ந்தால் கைக்குத் தெரியுமாம். அட்டையை மற்றக் கையால் மட்டுமே பிடிப்பார்.

எந்த அட்டை கொடுத்தாலும் அவர் வாங்கமாட்டார். அவருக்கு ஒரே படம்தான் வேண்டும். மரத்தடியில் ஒரு பெண் கையை உயர்த்திச் சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். போத்தலைக் கொழுவ அங்கே கம்பி இல்லை, கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் நின்றார்கள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, கீழே கிடக்கிற ஆளைப் பார்க்கிறாள். கீழே கிடந்த ஆளை நான் வெட்டிவிட்டிருந்தேன். போத்தலிலிருந்து இறங்குகிற குழாய் அட்டையின் அடி ஓரத்தோடு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறு அந்தப் படத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டார். அன்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. “எல்லாம் ஒண்டுதானே அன்ரி, எதையாவது ஒண்டைப் பிடியுங்கோவன்” என்றேன். அவர் அட்டையோடு முன்னால் நடந்தார். ஊர்வலம் முடிந்து அட்டைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“பிள்ளை, இந்தப் படத்தின்ர மிச்சம் இருக்கோ?”

“என்ன மிச்சம்?”

“கீழ்ப்பக்கம். ஆருக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு பாக்கத்தான்.”

“அது பாக்கேலாது அன்ரி. நல்லதுக்குத்தான் வெட்டினனான்” என்று சொல்லிவிட்டு அட்டையை அவர் கையிலிருந்து இழுத்தேன். அவர் உடனே விடவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது, எனக்கு அவசரம். இன்னும் கொஞ்சம் இழுத்தேன், விட்டுவிட்டார்.

போர் முடிந்தது. அடுத்த ஞாயிறு கோஷம் போட எதுவும் இல்லாமல் அதே இடத்தில் நின்றோம். பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு யாரும் வரவில்லை. அட்டைகள் என் வீட்டுக் கராஜில் கிடந்து, வீடு மாறும்போது குப்பைக்குப் போயின.

நான்கைந்து வருடம் கழித்து கிரான்பர்ன் ரயிலில் அன்ரியைக் கண்டேன். எனக்கு முன்னாலிருந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தார். நன்றாக மெலிந்திருந்தார். தங்கையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இல்லை, ஆஸ்பத்திரிகளில் இல்லை, தெரிந்தவர் ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. இதையெல்லாம் அடுத்த ஸ்டேசனின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, “சேலைன் போத்தலோட நிண்டது என்ர தங்கச்சி, பிள்ளை” என்றார்.

“ஏன் அன்ரி அப்பவே சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா என்னை மைக்குக்கு முன்னால ஏத்தியிருப்பியள்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. நிச்சயம் ஏற்றியிருப்போம். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

“மகனுக்குத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்” என்றார் அன்ரி. “அவள் பாக்கிற பார்வையில தெரியும். காயம்தான், ஆனா மருந்து ஏறுதெல்லோ. மகளும் அங்கினைக்கதான் இருந்திருப்பாள். அண்டைக்கு மூண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்திருக்கினம்.” அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை வருடமும் இவர் எதைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. “நான் முழுப்படத்தையும் தேடித் தாறன்” என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். நானாகத்தான் சொன்னேன் என்பதைப் பிறகு எனக்கே நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பழைய கணினியில் தேடி இரண்டு கிழமையில் படத்தைக் கண்டெடுத்தேன். குழாயின் மறுமுனையில், நிலத்தில் விரித்த சாக்கில், பதினாறு பதினேழு வயது மதிக்கக்கூடிய ஒரு பெடியன் கிடந்தான். நெஞ்சில் கட்டு, கண் திறந்திருந்தது. அன்ரி சொன்னது சரி என்று எனக்கு அழுகை வந்தது. ஓர் ஓரமும் குறையாமல் அச்சிட்டு, அதே தடித்த உறை போட்டு, ஒரு சனிக்கிழமை பகல் கிரான்பர்னுக்குக் கொண்டுபோனேன். என்னுடைய பிழையைத் திருத்திவிட்டேன் என்று வழியெல்லாம் ஒரு நிம்மதி. பெருமை என்றே சொல்லலாம்.

அன்ரி தேத்தண்ணி தந்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னலோரம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். படத்தை மடியில் வைத்தார். பெடியனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து, பின்னால் மரத்தடியில் கிடந்தவர்கள், குந்தியிருந்தவர்கள், நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த வெளிறிய விரல் நகர நகர எனக்குக் குளிரத் தொடங்கியது.

“இது எங்கட பெடியன் இல்லை” என்றார். “ஆரோ ஒரு தாயின்ர பிள்ளை.”

அவர் விரல் மறுபடி பின்னாலிருந்தவர்களிடம் போனது.

“இஞ்ச ஒருத்தரையும் எனக்குத் தெரியேல்லை. தன்ர பிள்ளையள் பக்கத்தில இருந்தா அவள் மற்றவைக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கமாட்டாள்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்ப எங்கட பிள்ளையள் எங்க?”

என்னிடம் கேட்டார். பதில் என்னிடம் இருக்கிறது என்றே நம்பியவர்போலக் கேட்டார். அடுத்த வீட்டில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. நான் “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்றேன், அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். படத்தை என்னிடம் நீட்டினார்.

“குசினி லாச்சியை இழுத்தாக் கத்தரிக்கோல் கிடக்கு, பிள்ளை. பழையபடி வெட்டித் தாரும்.”

மழைக்குத் தாங்கட்டும் என்று நான் போட்ட உறை. கத்தரிக்கோல் இலேசில் இறங்கவில்லை. அன்ரி ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் அந்தப் பெடியனின் தலைக்கு மேலாகக் குழாயை வெட்டினேன்.