திருத்தப்பட்ட அம்பாப் பாட்டு

நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி மேடையேற்றிய பேராசிரியர் சுந்தரராசன் செவ்வாய்க்கிழமை காலை தூத்துக்குடியில் காலமானார். அவருடைய மகன் தொலைபேசியில் உறுதி செய்தார். அரை மணி நேரத்தில் பிலோமினாள் அழைத்தார். "எங்க வீட்டு மனுசன் கொரலு என்ன ஆச்சு ஐயா?" இரங்கல் எதுவும் சொல்லவில்லை.

பிலோமினாளின் கணவர் லூர்து சங்கு குளிப்பவர். துடுப்புப் போட்டு வள்ளம் வலிக்கும்போது அம்பாப் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். "மாதாவே, கரையேத்து" என்று அவர் தொடங்க, மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். பேராசிரியர் அதை வள்ளத்திலேயே உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். கூடவே செய்தியாளனாக நானும் போயிருந்தேன். இருவரும் வாந்தியெடுத்தோம்.

மேடைக்கு வந்தபோது பேராசிரியரின் திருத்தத்தில் மாதா கொற்கைத் தாய் ஆகியிருந்தாள். சங்கு வந்த இடமெல்லாம் முத்து. "நான் ஒரு முத்தக் கண்ணால பாத்ததில்லய ஐயா" என்றார் லூர்து.

"மாதா வந்தப்புறம் படிஞ்ச நானூறு வருஷத் தூசியைத் துடைக்கிறேன், லூர்து."

"அப்ப நாங்க தூசியா?"

ஒத்திகையில் மூன்று முறை லூர்துவின் வாயில் மாதாவே வந்தாள். நான்காம் முறை கல்லூரி மாணவர் ஒருவர் அவர் இடத்தில் நின்றார். "பாட்டு பழசா இருந்தாப் போதாது, பழசாத் தெரியணும்" என்பது பேராசிரியர் அடிக்கடி சொன்னது. பழந்தமிழர் பாட்டு மீட்கப்பட்டது என்று செய்தி எழுதியவன் நான். பாடியவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

பிறகு பள்ளிகள் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டன. லூர்துவின் மகளே அதைப் பாடிப் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, "அப்பா, நீங்க தப்பாப் பாடுதிய" என்றாள். "அப்ப நாளைக்கு வள்ளம் வலிக்க அந்த வாத்தியாரையே வரச் சொல்லு, ஏளா" என்று சிரித்தாராம். அதன்பின் அவர் வீட்டில் பாடியதில்லை என்கிறார் பிலோமினாள்.

லூர்து சங்கு குளிக்கப் போன இடத்தில் மூச்சடைத்து இறந்தார். அவர் குரல் அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது. பிலோமினாள் பேராசிரியரிடம் ஐந்தாறு முறை போய்க் கேட்டார். தேடித் தருவதாகவே ஒவ்வொரு முறையும் பதில். போன மாதம் படுக்கையில் இருந்தவரிடம் நான் கேட்டேன். அதே நாடாவின் மேல் திருத்திய பாட்டைப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார். "சரியானது கிடைச்சப்புறம் பிழையானது எதுக்கு?" அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு வேலையை முடித்தவரின் நிறைவு இருந்தது.

அடக்கத்தில் அவர் மாணவர்கள் கொற்கைத் தாயைப் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். கடற்கரைக்காரர் யாரும் ஏலேலோ போடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என் பெயர் போட்டு வந்த அந்தச் செய்தியின் நறுக்கு. அதை அவரே சட்டமிட்டுப் பரிசாகக் கொடுத்தார்.

தொடக்க கால நாடாக்கள் சிலவற்றுக்குப் படி எடுத்து, பேராசிரியர் தாம் பணியாற்றிய கல்லூரியில் வைத்ததாக மகனுக்கு ஒரு நினைவு. லூர்துவின் நாடா அதில் உண்டா என்று அவருக்குத் தெரியாது. அலமாரிச் சாவி துறைத்தலைவரிடம். அவர் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வருகிறார். நாடா அழிந்ததைச் சொல்லிவிட்டு, படி இருக்கிறதா என்று பார்க்க நான் போகிறேன் என்று பிலோமினாளிடம் சொன்னேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க" என்றார். "நீங்களா ஒண்ணு எழுதிராதிய."