தொப்புள் ஆறாத மீன்

என் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் நாளாகியும் பால் சரியாகச் சுரக்கவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரி வார்டில் பேரன் வீரிட்டு அழுதான்; அவளும் கூடவே அழுதாள். சிலருக்குத் தாமதமாகும், அடிக்கடி மார்பில் போடுங்கள் என்று நர்ஸ் சொன்னதை என் மனைவி காதில் வாங்கவே இல்லை.

“பால் சுறா வாங்கிட்டு வாங்க. புட்டு செஞ்சு குடுத்தா ஊறிடும்” என்று காலையிலேயே என்னை விரட்டினாள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மார்க்கெட்டில் “சுறாவா?” என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடலை வாசலில் வைத்திருக்கிற ஊரில் ஒரு சுறா கிடைக்காதா? மீனவர் குப்பமான பிள்ளைச்சாவடிக்கு வண்டியை விட்டேன்.

முன்பு எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவந்த அம்மா அங்கேதான் இருக்கிறார். கடலில் மீன் குறைந்த பிறகு தெருத்தெருவாகச் சுற்றுவது கட்டுப்படியாகவில்லை. சாலையோரம் உட்கார்ந்து கிடைத்ததை விற்கிறார். மகன் வலையை மடித்து வைத்துவிட்டு ஒரு ஹோட்டலில் வாட்ச்மேனாக நிற்கிறான்.

அன்று அவர் கூடையில் இரண்டு குட்டிச் சுறாக்கள் கிடந்தன. எனக்கு உயிர் வந்தது. விஷயத்தைச் சொல்லி, “ரெண்டையும் குடும்மா” என்றேன்.

அவர் ஒன்றைப் புரட்டிக் காட்டினார்.

“இது பால் சுறா இல்லண்ணே. அது வந்தே ரொம்ப நாளாச்சு. இது பெருசா வளர்ற சுறாவோட குட்டி. இதத்தான் எல்லாரும் பால் சுறான்னு விக்கிறாங்க. சுறா குட்டி போடுற மீனுண்ணே. பாருங்க, தொப்புள்கூட ஆறல.”

மீனுக்கு ஏது தொப்புள் என்று குனிந்தேன். வெள்ளை வயிற்றில் சின்னதாக ஒரு கீறல். என் பேரனுக்கும் இன்னும் கொடி விழவில்லை. வாங்கக் கை வரவில்லை.

“இந்தக் காரப்பொடி மீன எடுத்துட்டுப் போங்க. அதுக்கும் பால் ஊறும்” என்று அவரே பொட்டலம் கட்டினார்.

மனைவியிடம் என்ன திட்டு வாங்கப்போகிறேனோ என்று நினைத்தபடி வார்டுக்குள் போனேன். அழுகைச் சத்தமே இல்லை. மீன் அடுப்பேறும் முன்பே பால் வந்துவிட்டிருந்தது. பேரன் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். அப்பாடா என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கமில்லாமல் கண்ணீர் வந்தது.

சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“நல்லதாப் போச்சுண்ணே. சுறாவக் கையில வச்சிக்கிட்டே குடுக்காம அனுப்பிட்டனேன்னு மத்தியானம் சோறு எறங்கல. இப்பத்தான் சாப்பிடப் போறேன்.”